'பார்த்துப் போ' என்றால் எதைப் பார்ப்பது?

போன வருடம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம். காலை எட்டே கால். ஒரு அடுப்பில் தோசை, இன்னொன்றில் தாளிப்புக் கரண்டி, சின்னவள் தரையில் உட்கார்ந்து ஒற்றைக் காலில் சாக்ஸோடு அழுதுகொண்டிருக்கிறாள். மூத்தவன் அவன் ஆயாவின், அதாவது என் அத்தையின் (மாமியாரின்), கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினான். நான் அடுப்படியிலிருந்தே வழக்கம்போல "பார்த்துப் போடா" என்று குரல் கொடுத்தேன். இறங்கியவன் திரும்பி ஏறி வந்து கதவிடுக்கில் தலையை நீட்டி, "எதைம்மா பாக்கணும்?" என்றான்.

வாய்க்கொழுப்பு என்றுதான் முதலில் தோன்றியது. முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை, நிஜமாகவே கேட்கிறான். ஏழு வயது. நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அந்த வார்த்தையைக் கேட்டிருப்பான், நானும் சொல்லியிருப்பேன், ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "ரோட்டைப் பாரு" என்று சமாளித்து அனுப்பினேன். தோசை தீய்ந்துவிட்டது, அது வேறு விஷயம்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு அலுவலகம் இல்லை. "வா, உன் பள்ளிக்கூடம் வரைக்கும் சும்மா நடந்துட்டு வரலாம்" என்று அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். நாங்கள் இருப்பது பெரம்பூரில், பேப்பர் மில்ஸ் சாலையைக் கடந்து பன்னிரண்டு நிமிட நடை. ஆறு வருடமாக நடக்கிற தெருதான். ஆனால் அன்றைக்கு ஒரு காரியம் செய்தேன், நின்றிருந்த ஒரு வேனுக்குப் பக்கத்தில் அவன் உயரத்துக்குக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். டயர் தெரிந்தது. டயருக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தார். அவ்வளவுதான். எதிரே வருகிற பஸ்ஸும் தெரியவில்லை, பைக்கும் தெரியவில்லை, நான் இத்தனை நாள் "அதோ வருது பாரு, அதோ வருது பாரு" என்று கத்தியதெல்லாம் அவனுக்கு ஒரு சுவர். அவனுக்கு வண்டி தெரியவில்லை என்றால் வண்டிக்காரருக்கும் அவன் தெரியமாட்டான். இஸ்திரி வண்டி அண்ணன் தள்ளியிருந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, எதுனா தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். "இல்லண்ணா, சும்மா" என்று எழுந்தேன். என்னவென்று சொல்வது!

அன்று நடந்தபடியே நாங்கள் பேசி முடிவு செய்தவற்றில் முக்கியமானது 'ரெண்டாவது வாசல்'. பெயர் அவன் வைத்தது. நின்றிருக்கிற இரண்டு வண்டிகளுக்கு நடுவே புகுந்து சாலையைக் கடக்கக் கூடாது, வேறு வழியே இல்லையென்றால் வண்டியின் வெளி ஓரம் வரைக்கும் வந்து அங்கே ஒருமுறை நிற்க வேண்டும். வீட்டு வாசல் முதல் வாசல், இது ரெண்டாவது வாசல். அங்கே நின்று தலையை மட்டும் நீட்டி வலது, இடது, மறுபடி வலது. ஏன் வலது முதலில் என்று கேட்டான். நம் ஊரில் வண்டிகள் சாலையின் இடப்பக்கமாகப் போவதால், கால் வைத்ததும் நம் மேல் வரக்கூடியது வலப்பக்கத்திலிருந்துதான் வரும் என்று சொன்னேன். "அப்போ இந்த அங்கிள்?" என்று கை காட்டினான். எதிர்த் திசையில் ஒருவர் பைக்கில் ஹாயாக வந்துகொண்டிருந்தார். அதற்குத்தான் இடதும்.

நடைபாதை இல்லாத இடத்தில், அதாவது எங்கள் தெருவில் முக்கால்வாசி இடத்தில், சாலையின் வலது ஓரமாக நடக்க வேண்டும். எதிரே வருகிற வண்டி நம் கண்ணுக்கு நேரே வரும். இடது ஓரமாக நடந்தால் அதே வண்டி முதுகுக்குப் பின்னால் வருகிறது. முன்னெல்லாம் பின்னால் வருவது காதில் விழும். இப்போது பேட்டரி ஸ்கூட்டர் பூனை மாதிரி வருகிறது. காதை நம்பாதே, கண்ணை நம்பு. அப்புறம் நின்றிருக்கிற காரின் பின்னால் வெள்ளை விளக்கு எரிந்தால் அது பின்னோக்கி வரப்போகிறது, அதன் பின்னால் போகக் கூடாது. இது அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போய், இரண்டு வாரம் தெருவில் இருக்கிற கார்களின் பின்பக்கத்தையெல்லாம் ஆராய்ந்துகொண்டிருந்தான்.

ஹெல்மெட் விஷயத்தில் பெரியவர்களைத் திருத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. என் வீட்டுக்காரர் அவனை ஸ்கூட்டரின் முன்னால் நிற்க வைத்துத்தான் கூட்டிப் போவார், சென்னையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் போவார்கள். "பக்கத்துல தானே, மார்க்கெட் வரைக்கும்" என்பார். திடீரென்று பிரேக் போட்டால் நிற்கிற பிள்ளையின் கழுத்தும் நெஞ்சும் போய் மோதுவது ஹேண்டில்பாரில்தான், பின்னால் அப்பாவின் எடை வேறு வந்து அழுத்தும். நான்கு வயதுக்கு மேல் யார் இரு சக்கர வண்டியில் ஏறினாலும் ஹெல்மெட் வேண்டும் என்பது சட்டம். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை, தலைக்கு ஹெல்மெட், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி. இதையெல்லாம் சொல்லி அவர் மாறவில்லை. பையனுக்கு ஒரு சிவப்பு ஹெல்மெட் வாங்கினேன், அவன் அதைக் கழற்றமாட்டேன் என்று ஒரு வாரம் வீட்டுக்குள் டிவி பார்க்கும்போதும் போட்டுக்கொண்டு திரிந்தான், பிறகு "அப்பா, நான் பின்னாடிதான் உக்காருவேன், முன்னாடி நின்னா ஹெல்மெட் உன் தாடையில இடிக்குது" என்று அவனே சொல்லிவிட்டான். சட்டம் செய்யாததைத் தாடை செய்தது.

அந்த ஒரு கேள்விக்குப் பிறகு, வீட்டில் நான் சொல்கிற மற்ற வாக்கியங்கள் மேலும் சந்தேகம் வந்தது. "யாரோடும் பேசாதே" என்பது அதில் முதல். இதற்கு ஒரு முன்கதை உண்டு. அதற்கு முந்தைய தீபாவளிக்குப் புரசைவாக்கத்தில் துணி எடுக்கப் போயிருந்தோம். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் சென்னைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மூன்றாவது மாடியில் சட்டை அளவு பார்த்துக்கொண்டிருந்தேன், திரும்பினால் பையன் இல்லை. எத்தனை நேரம் என்று கேட்டால் என் வீட்டுக்காரர் பத்து நிமிடம் என்பார், என் கணக்கில் அது ஒரு வருடம். மைக்கில் பெயர் சொன்னார்கள், லிப்ட் பக்கம் ஒருவர் ஓடினார், படிக்கட்டு பக்கம் ஒருவர் ஓடினார். கடைசியில் பார்த்தால் நாங்கள் நின்ற இடத்திலிருந்து நான்கு வரிசை தள்ளி, தொங்கவிட்டிருந்த சுடிதார்களுக்குள்ளே ஒளிந்து உட்கார்ந்திருக்கிறான். மைக்கில் கூப்பிட்டது கேட்டிருக்கிறது. அந்தப் பக்கமாகப் போன கடைப் பெண் இரண்டு தடவை "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டதும் கேட்டிருக்கிறது. ஏண்டா பதில் சொல்லவில்லை என்றால், "தெரியாதவங்க கூட பேசக் கூடாதுன்னு நீதானே சொன்ன."

நான் என்ன பதில் சொல்வது? நான் சொன்னதைத்தான் அவன் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறான்.

இப்போது அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில், தொலைந்துபோனால் நின்ற இடத்தை விட்டு நகராதே, சத்தமாக "அம்மா" என்று கூப்பிடாதே, என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. கூட்டத்தில் "அம்மா" என்றால் நூறு பேர் திரும்புவார்கள், பெயரைச் சொன்னால் நான் ஒருத்திதான் திரும்புவேன். முதலில் ஒத்திகை பார்த்தபோது அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவனுக்கு வெட்கம், ஆயாவுக்கோ அதிர்ச்சி. அடுத்து, யாரிடம் உதவி கேட்பது? கல்லாவில் உட்கார்ந்திருப்பவர், யூனிபார்ம் போட்ட கடைக்காரர், போலீஸ், கைக்குழந்தையோடு இருக்கிற ஓர் அம்மா. உதவியை நீ போய்க் கேள், உன்னைத் தேடி வந்து "வா, அம்மாகிட்ட கூட்டிப் போறேன்" என்கிறவரோடு அந்த இடத்தை விட்டு எங்கேயும் போகாதே. இந்த வித்தியாசம் ஏழு வயதுக்குப் புரிகிறது, நாம்தான் புரியாது என்று நினைத்துக்கொண்டு ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம்.

போன் நம்பர் மனப்பாடம் ஆக மூன்று வாரம் ஆனது. பத்து எண்ணையும் ஐந்து ஐந்தாகப் பிரித்து, தாளம் தட்டி, பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர் சொல்கிற ராகத்தில் சொல்லிக் கொடுத்தேன். உட்கார வைத்துக் கேட்டால் சொல்லிவிடுகிறான். ஆனால் அழுகிறபோது, பயந்திருக்கும்போது வர வேண்டுமே? அதனால் ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்கும்போது, கண்ணில் சீயக்காய் இறங்கி அவன் கத்திக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துத் திடீரென்று "நம்பர் சொல்லு" என்பேன். கொடுமைதான். ஆனால் அதைவிடப் பயமான இடத்தில் அவன் அதைச் சொல்ல வேண்டியிருக்கலாம். பையின் வெளியே பெரிதாகப் பெயர் எழுதியிருந்ததை அழித்துவிட்டு, நம்பரை உள்பக்கம் எழுதினேன். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைப் பிள்ளைகள் தெரிந்தவர் என்றே நினைத்துக்கொள்கின்றன.

பள்ளியிலிருந்து வேறு யாராவது அழைக்க வந்தால் கேட்க ஒரு ரகசிய வார்த்தையும் வைத்தோம். 'பலாக்கொட்டை.' மறுநாளே வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டான். வேறு வார்த்தை மாற்றியிருக்கிறோம், அதை இங்கே எழுதப் போவதில்லை.

இதோடு சேர்த்து இன்னொன்றும் பேசினோம். எழுதக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பயன். உடம்பின் எல்லாப் பாகத்துக்கும் பெயர் சொல்லிக் கொடுத்தேன், செல்லப் பெயர் இல்லாமல். ஜட்டி மறைக்கும் இடத்தைக் குளிப்பாட்டும்போது நானும், டாக்டர் பார்க்கும்போது நான் பக்கத்தில் இருக்க அவரும் தவிர யாரும் தொடக் கூடாது, யாருடையதையும் தொடச் சொல்லக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பெரியவர் யாராவது "இதை அம்மாகிட்ட சொல்லாதே" என்றால், அது எதுவானாலும் முதலில் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும். பிறந்தநாளுக்குப் பரிசு வாங்கி ஒளித்து வைத்திருப்பது வேறு, அது ஒரு நாள் எல்லோருக்கும் தெரியப்போகிறது. என்றைக்குமே சொல்லக் கூடாது என்பதுதான் கெட்ட ரகசியம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டம், ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இரண்டு பேருக்கும்தான். ஆண் பிள்ளைதானே என்று இதைப் பேசாமல் விடுகிற வீடுகள் எங்கள் சொந்தத்திலேயே நிறைய. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அவனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

அதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு" என்று இழுத்தார், இவன் "வேணாம், கை குடுக்கறேன்" என்றான். அவர் முகம் சுண்டிப்போனது. நான் "பரவாயில்லண்ணா, இப்பல்லாம் அப்படித்தான் அவன்" என்றேன். முன்பானால் "மாமாதானேடா, குடு" என்று நானே தள்ளியிருப்பேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமையை வீட்டுக்குள் பறித்துவிட்டு வெளியே போய்ப் பயன்படுத்து என்றால் எப்படி?

சரி, கனமான விஷயம் போதும். கை கழுவுவதற்கு வருவோம். "கை கழுவினியா?" "ம்." இந்த உரையாடல் எல்லா வீட்டிலும் உண்டு. அவன் பொய் சொல்லவில்லை, தண்ணீரைத் தொட்டிருப்பான். ஒரு நாள் அவன் உள்ளங்கையில் நான்கு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, ஒரு சிட்டிகை மஞ்சள்பொடி போட்டு, ரெண்டு கையையும் நன்றாகத் தேய்க்கச் சொல்லி, "இப்போ கழுவிட்டு வா" என்றேன். போய் வந்தான். உள்ளங்கை பளிச். விரல் இடுக்கில் மஞ்சள், கட்டை விரலைச் சுற்றி மஞ்சள், நகத்தடியில் மஞ்சள், புறங்கை முழுக்க மஞ்சள். "ஹே..." என்று அவனுக்கே ஆச்சரியம். சோப்புப் போட்டு இருபது விநாடி என்கிறார்களே, அதற்கு இரண்டாம் வாய்ப்பாட்டைப் பத்து வரைக்கும் நிதானமாகச் சொன்னால் சரியாக இருக்கிறது. வாய்ப்பாடும் ஆச்சு, கையும் ஆச்சு. இப்போது ஆறாம் வாய்ப்பாட்டில் இருக்கிறான், அதில் திக்கித் திணறுவதால் கை இன்னும் சுத்தமாகிறது.

கொசுதான் எங்கள் வீட்டில் பெரிய பாடமாகிப் போனது. மழைக்காலம் தொடங்கினால் டெங்கு பயமும் தொடங்கிவிடும், மாநகராட்சியிலிருந்து வருகிற அக்கா சம்ப்பில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றிவிட்டு, மொட்டை மாடியைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போவார். ஒரு தடவை அவர் டார்ச் அடித்து, மூலையில் கிடந்த ஒடிந்த பக்கெட்டைக் காட்டி, "இந்தா பாரு தம்பி, நெளியுதா?" என்றார். நெளிந்தது. இவனுக்கு அதை விட மனசில்லை. அக்கா போன பிறகு ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எடுத்து, வாயில் கொசுவலைத் துணி கட்டி ரப்பர் பேண்ட் போட்டு ஜன்னலில் வைத்தோம். புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வாலை மேலே நீட்டி மூச்சு வாங்குகின்றன. பாட்டில் மேல் கை நிழல் விழுந்தால் போதும், சட்டென்று அடிக்கு ஓடுகின்றன. மூன்றாம் நாள் சில, கூன் விழுந்த காற்புள்ளி மாதிரி உருண்டுகொண்டன. ஐந்தாம் நாள் காலையில் வலைக்கு அடியில் நான்கு கொசு உட்கார்ந்திருந்தது, கறுப்புக் காலில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. "ம்மா, புலி!" என்றான். டெங்கு கொசு அதேதான், பகலில் கடிப்பது, சுத்தமான தண்ணீரில் முட்டையிடுவது. உள்ளே சோப்புத் தண்ணீரை ஊற்றி அத்தனையையும் முடித்தோம், அவன் கொஞ்சம் வருத்தப்பட்டான்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை டார்ச் எடுத்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் ரோந்து போகிறார்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர் தட்டு என்று ஒன்று இருப்பதே எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும், அதில் இருந்தது! மணி பிளான்ட் பாட்டில், பூந்தொட்டித் தட்டு, தார்ப்பாய் மடிப்பு, யாரோ வீசிய தேங்காய்ச் சிரட்டை. தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும், ஏனென்றால் முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்து மாதக்கணக்கில் இருந்தாலும் அடுத்த மழைத் தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். பள்ளிப் பாடத்தில் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சி வரும்போது இவன் டீச்சருக்கே பாடம் நடத்தப் போகிறான், அந்த டீச்சரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

இன்னொரு பாடம் நான் கற்றது, அதுவும் ஆயாவோடு சேர்ந்து. எங்கள் வீட்டில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பாடு. ஒரு ராத்திரி ரசப் பாத்திரத்தை நடுவில் வைத்துவிட்டு அப்பளம் எடுக்க எழுந்தேன், அவ்வளவுதான், சின்னவள் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்து இழுத்துவிட்டாள். இடது மணிக்கட்டில் கொதிக்கிற ரசம். அலறல். அத்தை நொடியில் ஃப்ரிட்ஜைத் திறந்து இட்லி மாவோடு நிற்கிறார். என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் இங்க், வேறு சில வீடுகளில் டூத்பேஸ்ட். நான் "வேணாம் அத்தை, தண்ணி, தண்ணி" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். கண்ணாடி வளையலை முதலில் கழற்றினேன், வீங்கிவிட்டால் கழற்ற முடியாது. குழாயில் அப்போது தண்ணீர் இல்லை, பக்கெட்டிலிருந்து மக்கில் மொண்டு மொண்டு ஊற்றினேன். இருபது நிமிடம் ஊற்ற வேண்டும். ஐஸ் கூடாது, சாதாரணத் தண்ணீர்தான். இருபது நிமிடம் எவ்வளவு நீளம் என்று ஒரு பிள்ளை அலறும்போதுதான் தெரியும். ஐந்தாவது நிமிடத்தில் அவள் அழுகை குறைந்தது, எனக்கும் போதும் என்று தோன்றியது. அத்தை கதவோரம் நின்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இரு, நீதானே இருவதுன்னு சொன்ன, இன்னும் பதினஞ்சு இருக்கு" என்றார். மாவுக் கிண்ணம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. கொப்புளம் வந்ததால் சுத்தமான துணியைத் தளர்த்தியாகப் போர்த்தி டாக்டரிடம் காட்டினோம், தழும்புகூட இல்லாமல் ஆறிவிட்டது. இப்போது அக்கம்பக்கத்தில் யாருக்காவது சுட்டுவிட்டால் "இருவது நிமிசம் தண்ணி ஊத்து" என்று சொல்வது அத்தைதான். ரசப் பாத்திரம் மேடை மேல் போய்விட்டது.

சின்னவளுக்கு மூன்று வயது. முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை எதுவும் இன்னும் கொடுப்பதில்லை, மசித்தோ நீளவாக்கில் நறுக்கியோதான். கடைவாய்ப் பல்லால் அரைத்துத் தின்னும் பழக்கம் வரும் வரை கடலை நேராக மூச்சுக்குழாய்க்குப் போகும் அபாயம் இருக்கிறது. இருமிக்கொண்டிருந்தால் இருமவிட வேண்டும், வாய்க்குள் விரலைவிட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவோம். சத்தமே வராமல் திணறினால் குனிய வைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து தட்டு, ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் அதற்கும் வராதபோது பின்னாலிருந்து வயிற்றில் உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தம், மாறி மாறி. அதற்குள் இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு வயிற்றை அழுத்தக் கூடாது, நெஞ்சில்தான். ரிமோட், பொம்மை, எடை மெஷினில் இருக்கிற அந்தப் பொத்தான் பேட்டரியை மட்டும் கண்ணில் காட்டாதீர்கள். விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும், வெளியே வரும் என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கிற சமாச்சாரம் இல்லை அது. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ, பக்கத்தில் எது பெரிய மருத்துவமனையோ அங்கே உடனே ஓட வேண்டும்.

தெருநாய்க்கு எங்கள் பாடம் 'மரம்'. நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடக் கூடாது, மரம் மாதிரி நிற்க வேண்டும், கை இரண்டும் உடம்போடு, கண் தரையில். மொட்டை மாடியில் நான் நாய், அவன் மரம், சின்னவள் மரத்தில் ஏறும் குரங்கு. கடித்துவிட்டால், கீறல்தானே என்று மறைக்கக் கூடாது என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன், திட்டு விழும் என்று பயந்து பிள்ளைகள் மறைத்துவிடுகின்றன. சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஊசி. அரசு மருத்துவமனையில் இலவசம். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம்.

மழை நாளில் விதி ஒன்றே ஒன்று, அடி தெரியாத தண்ணீரில் கால் வைக்காதே. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை. அப்போது அவன் பார்த்தான், கீழ்வீட்டு அண்ணன் ஒரு கம்பை ஊன்றி ஊன்றிப் பள்ளம் பார்த்து நடந்ததை. அது மனதில் தங்கிவிட்டது. தெருவோர மின்பெட்டி, விளக்குக் கம்பம், இரும்பு ஷட்டர் மூன்றையும் நனைந்திருக்கும்போது தொடாதே என்பதை அதோடு சேர்த்துக்கொண்டோம். எங்கள் முனையில் ஒரு மின்பெட்டியின் கதவு திறந்து கிடந்ததை அவன்தான் காட்டினான், மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணை அவன் டயல் செய்தான், நான் பேசினேன். மறுநாள் வந்து மூடினார்கள். அவன் நடையே கொஞ்சநாள் கவுன்சிலர் நடையாக இருந்தது.

படிப்பைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு எங்கெங்கோ போய்விட்டேன். ஆனால் அவன் தமிழ் வாசிக்கப் பழகியதும் இதே தெருவில்தான். பாடப் புத்தகத்தை நீட்டினால் கொட்டாவி, கடைப் பலகை என்றால் உற்சாகம். பெரம்பூரிலிருந்து 29சி ஏறி பெசன்ட் நகர் போவோம், மாதம் ஒரு தடவை. ஜன்னல் சீட்டு, ஒரே நிபந்தனை, பலகைகளை வாசித்துக்கொண்டே வர வேண்டும். சிக்னலில் நின்றால் முழுதாக வாசித்துவிடுவான், பஸ் வேகமெடுத்தால் பாதிப் பெயர்தான் கிடைக்கும், மீதியை நானும் அவனும் இட்டுக்கட்டிச் சிரிப்போம். கடற்கரையில் கணுக்கால் வரைதான், அதுவும் கையைப் பிடித்துக்கொண்டு. நம் கடல் அலையால் அடிப்பதைவிடத் திரும்பிப் போகும்போது இழுப்பதுதான் ஆபத்து, காலடி மணல் சரிகிறதே, அதைக் கண்ணை மூடி உணர்ந்து பார்க்கச் சொல்வேன். "கடல் என் காலைக் கேக்குதும்மா" என்பான். ஆமாம், குடுத்துடாதே.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பாட்டுக்கு மொபைல் வேண்டும் என்று சின்னவள் அழுகிறாள், பாதி நாள் நான் கொடுத்தும்விடுகிறேன். இரவு ஒன்பதுக்குப் படுக்க வேண்டும் என்று சட்டம் போட்டவள் நான், பத்தரைக்கு அவர்களோடு சேர்ந்து விழித்திருப்பவளும் நானே. ராத்திரி பல் தேய்ப்பதை வாரத்தில் இரண்டு நாள் எல்லோருமாகச் சேர்ந்து மறக்கிறோம்.

போன் நம்பரிலும் கடைசி இரண்டு எண் 68. போன ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் நுரையோடு 86 என்றான். அதற்கு முந்தின வாரமும் 86தான். நாளைக்கு மறுபடி ஞாயிறு, எண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறேன்.